செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகில் கலையும் இசையும்

செகண்ட் லைஃப் என்பது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இணையவழி மெய்நிகர் உலகம் ஆகும். கணினித் திரையில் முப்பரிமாணக் காட்சியாகத் தெரியும் இவ்வுலகில் ஒவ்வொரு பயனரும் அவதார் எனப்படும் ஓர் உருவத்தின் வழியே நடமாடுகிறார், பறக்கிறார், பிறரோடு உரையாடுகிறார். இதில் வெல்லவேண்டிய எதிரியோ கடக்கவேண்டிய கட்டமோ இல்லை. நிலம், நீர், வானம் ஆகியவற்றை மட்டும் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. வீடுகள், தெருக்கள், ஆடைகள், அரங்கங்கள் என மற்ற யாவும் பயனர்கள் உருவாக்கியவை. இதனால் ஓவியர்களும் சிற்பிகளும் இசைக்கலைஞர்களும் தொடக்கத்திலிருந்தே இங்குக் கூடினர். வேறு நாட்டிலுள்ள ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யவும், வாடகை கொடுத்து அரங்கம் பிடிக்காமல் கச்சேரி நடத்தவும், புவியீர்ப்புக்குக் கட்டுப்படாத சிற்பங்களை எழுப்பவும் இவ்வுலகம் இடம் தந்தது. அதே வேளையில் இங்குள்ள படைப்புகள் யாவும் ஒரு தனியார் நிறுவனத்தின் வழங்கிகளில், மாத வாடகை செலுத்தப்படும் நிலத்தின் மீது நிற்பவை. வாடகை நின்றால் படைப்பும் மறைந்துவிடும். இவ்விரு நிலைகளுக்கும் இடையில் வளர்ந்த கலை மரபே இக்கட்டுரையின் பொருள்.

பின்னணி

பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய கணினி உலகங்கள் 1980களிலேயே தோன்றின. லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 1986 இல் சோதனை முறையில் இயக்கிய ஹேபிடட் அவற்றுள் ஒன்று. திரையில் பயனரைக் குறிக்கும் உருவத்திற்கு 'அவதார்' என்ற பெயர் அதில் வழங்கப்பட்டது. இது 'அவதாரம்' என்ற வடசொல்லின் ஆங்கில வடிவம். தெய்வம் மண்ணுலகிற்கு இறங்கிவருவதைக் குறித்த சொல், மனிதர் கணினி உலகிற்குள் இறங்குவதைக் குறிக்கலாயிற்று. நீல் ஸ்டீபன்சன் 1992 இல் வெளியிட்ட 'ஸ்னோ கிராஷ்' என்ற அறிபுனை நாவல் இச்சொல்லைப் பரவலாக்கியது. 'மெட்டாவர்ஸ்' என்ற சொல்லும் அந்நாவலில் உருவானதே.

கலைஞர்கள் இவ்வெளிகளை முன்பே பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அட்ரீன் ஜெனிக், லிசா பிரென்னிஸ் ஆகிய இருவரும் 1997 இல் 'தி பேலஸ்' என்னும் படவடிவ அரட்டை அறையில், சாமுவேல் பெக்கெட்டின் புகழ்பெற்ற நாடகத்தைத் தழுவிய நிகழ்வொன்றை நடத்தினர். அப்போது அறைக்குள் வந்துபோன மற்றப் பயனர்களுக்கு, நடப்பது நாடகமா அரட்டையா என்பதே ஐயமாக இருந்தது. பார்வையாளரும் நடிகரும் ஒரே வெளியில் கலந்து நிற்கும் இந்நிலை பின்னாளில் செகண்ட் லைஃப் கலையின் முக்கிய இயல்புகளுள் ஒன்றாயிற்று.

லிண்டன் லேப் நிறுவனத்தைப் பிலிப் ரோஸ்டேல் 1999 இல் தொடங்கினார். செகண்ட் லைஃப் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் உலக ஊடகங்களின் கவனத்தைப் பெற்றது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 80,000க்கும் மேற்பட்டோர் இணைந்திருந்தனர்.

உருவாக்கும் கருவிகள்

செகண்ட் லைஃப் கலைஞர்களை ஈர்த்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கட்டும் கருவி உலகத்திற்குள்ளேயே இருந்தது. கனசதுரம், கோளம், உருளை போன்ற எளிய வடிவங்கள் 'பிரிம்' எனப்பட்டன. ஒருவர் வெறுந்தரையில் நின்றுகொண்டே ஒரு பிரிமை உருவாக்கி, அதை நீட்டி, முறுக்கி, துளையிட்டு, பிறவற்றோடு இணைத்து ஒரு கட்டடத்தையோ சிற்பத்தையோ செய்யலாம். நெடுங்காலம் ஒரு பிரிமின் பக்கம் 10 மீட்டருக்கு மேல் போகமுடியாது. ஒரு முழு நிலப்பகுதியில் 15,000 பிரிம்கள் மட்டுமே வைக்கலாம் என்ற வரம்பும் இருந்தது. குறைந்த பிரிம்களில் நிறைந்த தோற்றத்தைத் தருவது ஒரு தனித்திறனாக மதிக்கப்பட்டது. வெளி மென்பொருள்களில் செய்த முப்பரிமாண வடிவங்களை உள்ளே கொண்டுவரும் வசதி 2011 இல்தான் வந்தது. ஒருவர் கட்டுவதை மற்றவர்கள் சுற்றிநின்று பார்க்கமுடிந்ததால், வேலை நடக்கும் இடமே பயிற்சிப் பள்ளியாகவும் இருந்தது.

இரண்டாவது, பொருள்களுக்குள் நிரல் எழுத முடிந்தது. லிண்டன் நிரல்மொழி எனப்பட்ட மொழியில் சில வரிகள் எழுதினால் ஒரு சிற்பம் சுழலும், அருகில் வருபவரைக் கண்டு நிறம் மாறும், அவர் தட்டச்சு செய்த சொற்களுக்கு விடையளிக்கும். பார்வையாளரின் செயலுக்கேற்ப மாறும் கலைப்படைப்புகளுக்கு இதுவே அடிப்படை.

மூன்றாவது, உரிமை. பயனர் உருவாக்கியவற்றின் அறிவுசார் சொத்துரிமை அப்பயனருக்கே உரியது என 2003 நவம்பரில் லிண்டன் லேப் அறிவித்தது. அக்காலத்து இணைய விளையாட்டுகளில், பயனர் உருவாக்குவன யாவும் நிறுவனத்திற்கே என்பதே பொதுவான விதி. உரிமையோடு சந்தையும் அமைந்தது. லிண்டன் டாலர் என்னும் உள்நாணயத்தை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ள முடியும். பல ஆண்டுகளாக ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 முதல் 300 லிண்டன் டாலர் வரை கிடைத்துவந்தது. ஒரு படத்தையோ ஒலித்துண்டையோ பதிவேற்ற நெடுங்காலம் 10 லிண்டன் டாலர் கட்டணமாக இருந்தது. அதாவது சில அமெரிக்க சென்ட்கள் செலவில் ஓர் ஓவியர் தம் படத்தைச் சுவரில் மாட்டிவிடலாம்.

நேரலை இசை

செகண்ட் லைஃப் வழியே இசை பரவும் முறை எளிமையானது. கலைஞர் தம் வீட்டில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பாடுகிறார் அல்லது வாசிக்கிறார். அவ்வொலி அவரது கணினியிலிருந்து இணைய வானொலிக்கான வழங்கி ஒன்றுக்குச் செல்கிறது. மெய்நிகர் அரங்கம் இருக்கும் நிலத்தின் அமைப்பில் அவ்வழங்கியின் முகவரி குறிக்கப்படும். அந்நிலத்தில் கால்வைக்கும் ஒவ்வொருவரின் கணினியும் அம்முகவரியிலிருந்து ஒலியைத் தானே பெற்றுக்கொள்கிறது. மேடையில் கலைஞரின் அவதார் கிட்டாரை மீட்டுவதுபோல அசைந்துகொண்டிருக்கும். அந்த அசைவுக்கும் உண்மையான வாசிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கேட்கும் இசை மட்டுமே நேரலை.

இம்முறையின் பெரிய சிக்கல் காலத்தாழ்வு. கலைஞர் பாடிய ஒலி கேட்பவரைச் சென்றடையச் சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை ஆகும். பாட்டு முடிந்ததும் அரங்கம் அமைதியாக இருக்கும். கைதட்டல் எழுத்துவடிவில் அரட்டைப் பெட்டியில் வந்து நிறைவதற்குள் கலைஞர் அடுத்த பாட்டுக்கான முன்னுரையைத் தொடங்கியிருப்பார். அனுபவமுள்ளவர்கள் இவ்விடைவெளியைப் பேச்சால் நிரப்பக் கற்றுக்கொண்டனர். அரட்டையில் வரும் பெயர்களைப் படித்து வரவேற்பதும், கேட்பவர் விருப்பப் பாடல்களை ஏற்பதும் இக்கச்சேரிகளின் வழக்கம். ஒரு நிலப்பகுதியில் பெரும்பாலும் 40 முதல் 100 அவதார்கள் வரையே ஒரே நேரத்தில் இருக்கமுடியும் என்பதால், பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறியதாகவே அவையும் அமைந்தது. பெரிய நிகழ்ச்சிகளுக்கு நான்கு நிலப்பகுதிகள் சந்திக்கும் மூலையில் மேடை அமைத்து, கூட்டத்தை நான்காகப் பிரித்து அமரவைப்பதுண்டு.

வெவ்வேறு ஊர்களில் உள்ள இருவர் சேர்ந்து வாசிப்பது இன்னும் கடினம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறிமாறிக் கேள்வியும் பதிலுமாக வாசிப்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அங்கே ஒரு நொடியின் சிறுபகுதி பிசகினாலும் தாளம் குலையும். அரை நிமிடத் தாழ்வில் அது நடவாது. எனவே ஒரு சங்கிலி முறை கையாளப்பட்டது. முதல் கலைஞர் தம் இசையை இரண்டாமவருக்கு அனுப்புவார். இரண்டாமவர் அதைக் கேட்டவாறே தம் பகுதியைச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக அவைக்கு அனுப்புவார். அவையோருக்கு இருவரும் சேர்ந்து வாசிப்பதாகவே கேட்கும். ஆனால் முதலாமவர் வாசிக்கும்போது இரண்டாமவரின் இசை அவர் காதில் விழாது. துணைவர் சரியாகப் பின்தொடர்வார் என்ற நம்பிக்கையில்தான் அவர் வாசிக்கவேண்டும்.

வருவாய் பெரும்பாலும் அன்பளிப்பிலிருந்து வந்தது. மேடையருகே வைக்கப்பட்ட உண்டியல் போன்ற பொருளைச் சொடுக்கி, கேட்பவர்கள் விரும்பிய தொகையைப் போடுவார்கள். அரங்க உரிமையாளர் தனியாக ஒரு கட்டணம் தருவதும் உண்டு. தொகை சிறியது. ஆயினும் வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாதவர்கள், உடற்குறை உள்ளவர்கள், சிற்றூர்களில் வாழ்வோர், வேலைக்குப் போய்க்கொண்டே இசையைத் தொடர்வோர் ஆகியோருக்கு வாரந்தோறும் அவை கிடைத்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்திற்கு நிதி திரட்டும் 'ரிலே ஃபார் லைஃப்' நிகழ்வு 2005 முதல் செகண்ட் லைஃபிலும் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. அதில் இக்கலைஞர்களின் கச்சேரிகள் முக்கிய இடம் பெறுகின்றன.

குறிப்பிடத்தக்க இசை நிகழ்வுகள்

அமெரிக்கப் பாடகி சூசன் வேகா 2006 ஆகஸ்ட் மாதம் 'தி இன்ஃபினிட் மைண்ட்' என்ற வானொலி நிகழ்ச்சிக்காகச் செகண்ட் லைஃபில் பாடினார். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் வழியே புகழ்பெற்ற ஒருவர் அவதார் வடிவில் அங்கு நேரலையாகப் பாடியது அதுவே முதன்முறை எனக் கூறப்படுகிறது. அவரது அவதாருக்கான கிட்டாரை ராபி டிங்கோ என்ற அவதார் பெயரால் அறியப்பட்ட கலைஞர் செய்தார். கிட்டார் உருவாகும் விதத்தை அவரே ஒரு குறும்படமாகவும் பதிவுசெய்தார்.

இங்கிலாந்தின் ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 2007 செப்டம்பர் 14 அன்று, வசிலி பெட்ரென்கோவின் நடத்துகையில், தன் பருவத் தொடக்கக் கச்சேரியைச் செகண்ட் லைஃபிலும் ஒலிபரப்பியது. லிவர்பூலில் உள்ள அக்குழுவின் அரங்கத்தைப் போன்றே ஒரு மெய்நிகர் அரங்கம் இதற்காகக் கட்டப்பட்டது.

மேற்கண்ட இரண்டும் வெளியுலக இசையை உள்ளே கொண்டுவந்தவை. இவ்வுலகத்திற்கென்றே இசை அமைக்க முயன்றது, 2007 இல் தோன்றிய 'அவதார் ஆர்கெஸ்ட்ரா மெட்டாவர்ஸ்' என்ற குழு. இதன் உறுப்பினர்கள் வட அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களில் வாழ்பவர்கள். ஆழ்ந்து கேட்டல் என்னும் இசைநெறியை உருவாக்கிய அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸும் (1932–2016) இதில் பங்குகொண்டார். இக்குழு வெளியிலிருந்து ஒலியை அனுப்பவில்லை. முன்பே பதிவேற்றிய சிறு ஒலித்துண்டுகளை உள்ளடக்கிய மெய்நிகர் கருவிகளைத் தாமே நிரல் எழுதிச் செய்தனர். தொடக்கத்தில் ஓர் ஒலித்துண்டு 10 நொடிக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்தச் சிறு துண்டுகளை அடுக்கியே நீண்ட இசை உருவானது. அவதார் நிற்கும் இடத்திலிருந்து ஒலி வருவதால், வாசிப்பவர்கள் பறந்து இடம் மாறினால் இசையும் இடம் மாறும். ஒவ்வொருவரின் இணைய வேகமும் வேறு என்பதால் இருவர் காதில் ஒரே இசை அப்படியே விழாது. ஆகவே கறாரான தாளத்தைவிட, மெல்ல விரிந்து ஒன்றோடொன்று கலக்கும் ஒலிப்பரப்பே இவர்களின் இசைக்குப் பொருத்தமாக இருந்தது. காலத்தாழ்வைக் குறையாகக் கொள்ளாமல் இசையின் இலக்கணமாகவே ஏற்றது இக்குழுவின் தனித்தன்மை.

காட்சிக் கலைகள்

சீனக் கலைஞர் சாவோ ஃபெய் (பிறப்பு 1978) 'சைனா டிரேசி' என்ற அவதாராகச் செகண்ட் லைஃபில் வாழ்ந்த அனுபவத்தை 'ஐ.மிரர்' என்ற ஆவணப்படமாக்கினார். அது 2007 வெனிஸ் இருபதாண்டு அல்ல, ஈராண்டுக் கலைவிழாவின் சீன அரங்கில் காட்டப்பட்டது. தொடர்ந்து அவர் உருவாக்கிய 'ஆர்எம்பி சிட்டி' என்னும் மெய்நிகர் நகரம் 2009 முதல் 2011 வரை பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. சீன நாணயத்தின் பெயரைத் தாங்கிய அந்நகரில், பெய்ஜிங்கின் தொலைக்காட்சித் தலைமையகக் கட்டடம் ஒரு பாரந்தூக்கியில் தொங்கியது. ஒலிம்பிக் அரங்கமும் இராட்டினமும் தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் ஒரே தீவில் நெருக்கியடித்து நின்றன. வேகமாகக் கட்டி வேகமாக இடிக்கும் சீன நகரமயமாதலின் மீதான விமர்சனமாக அது அமைந்தது. சீனச் சமகாலக் கலையின் முக்கியச் சேகரிப்பாளரான ஊலி சிக் அந்நகரின் முதல் 'மேயராக' இருந்தார்.

பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் கிரிஸ் மார்க்கர் (1921–2012) தம் 87 ஆம் வயதில், 2008 இல், 'லூவ்ருவார்' என்ற அருங்காட்சியகத்தைச் செகண்ட் லைஃபில் அமைத்தார். கட்டுமானத்தை மாக்ஸ் மோஸ்விட்சர் செய்தார். பொதுவெளியில் முகம் காட்டுவதைத் தவிர்த்தே வந்த மார்க்கர், 'செர்கெய் முராசாகி' என்ற அவதாராகப் பத்திரிகைக்குப் பேட்டியும் அளித்தார்.

கனடாவைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் 'பிரின் ஓ' என்ற அவதார் பெயரில் 'இம்மர்சிவா' என்ற நிலப்பகுதியை உருவாக்கினார். 'ரேபிகார்ன்' எனப்படும் மூன்று பகுதிக் கதை அவருடைய பெயர்பெற்ற படைப்புகளுள் ஒன்று. இதில் கதை வரிசையாகச் சொல்லப்படுவதில்லை. பார்வையாளர் இடிந்த கட்டடங்களுக்கிடையே அலைந்து, ஒளிந்துகிடக்கும் கவிதைத் துண்டுகளைக் கண்டெடுத்துக் கதையைத் தாமே கோக்கவேண்டும். அவருடைய பணிக்குக் கனடாவின் ஒன்டாரியோ கலை மன்றம் நிதியுதவி அளித்தது.

ஆஸ்திரேலியக் கலை மன்றமும் 2007 இல் 20,000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள நல்கையைச் செகண்ட் லைஃப் கலைக்கென அறிவித்தது. கிரிஸ்டோஃபர் டாட்ஸ், ஆடம் நாஷ், ஜஸ்டின் கிளெமென்ஸ் ஆகியோர் அதைப் பெற்று, 2008 இல் 'பேபல்ஸ்வார்ம்' என்ற படைப்பை வெளியிட்டனர். வருபவர்களின் சொற்கள் எழுத்துகளாகப் பிரிந்து விழுந்து, ஒன்றன்மீது ஒன்று குவிந்து, விவிலியத்தில் வரும் பாபேல் கோபுரத்தைப்போல எழுந்தன.

இவ்வுலகக் காட்சிகளைப் பதிவுசெய்து ஆக்கப்படும் படங்கள் 'மெஷினிமா' எனப்படுகின்றன. முன்னர்க் குறிப்பிட்ட ராபி டிங்கோ 2007 இல், வான் கோவின் 'விண்மீன் நிறைந்த இரவு' ஓவியத்தை முப்பரிமாண நிலமாகக் கட்டி, ஓவியத்திற்குள் ஒரு நாள் கழிவதுபோன்ற குறும்படத்தை எடுத்தார்.

நிகழ்த்துகலை

உடலையே கருவியாகக் கொள்ளும் நிகழ்த்துகலை, உடலில்லாத உலகில் என்ன பொருள் தரும் என்ற கேள்வியைச் சிலர் எழுப்பினர். இவா மேட்டஸ், ஃபிராங்கோ மேட்டஸ் ஆகிய இருவரும் 2007 முதல், 1970களின் புகழ்பெற்ற நிகழ்வுகளைச் செகண்ட் லைஃபில் மீண்டும் நடத்தினர். கிரிஸ் பர்டன் 1971 இல் தம் கையில் துப்பாக்கியால் சுடச் செய்த நிகழ்வும், மரீனா அப்ரமோவிச்சும் உலேயும் 1977 இல் குறுகிய வாயிலின் இருபுறமும் ஆடையின்றி நின்று பார்வையாளரைத் தமக்கிடையே நுழைந்துபோகச் செய்த நிகழ்வும் அவற்றுள் அடங்கும். வலியும் கூச்சமும் ஆபத்தும் நீக்கப்பட்டபின் அந்நிகழ்வில் எஞ்சுவது என்ன என்பதே இங்கு எழும் வினா. அதற்கு முன் 2006 இல் இவர்கள் அவதார்களின் முகங்களை ஓவியப் படங்களாக அச்சிட்டுக் காட்சிக்கு வைத்திருந்தனர்.

2006 இல் தோன்றிய 'செகண்ட் ஃபிரண்ட்' குழுவும், கசீரா பாபெலி என்ற அவதார் பெயரில் இயங்கிய கலைஞரும் வேறு வழியில் சென்றனர். பாபெலியின் கருவி நிரல். ஆண்டி வார்ஹோலின் ஓவியத்தில் வரும் சூப்பு டப்பாக்கள் பார்வையாளரைத் துரத்திப் பிடிக்கும் படைப்பு அவருடையது. இன்னொன்றில் அவதார் கணக்கற்ற உயரத்திற்கு வீசப்படும். அப்போது கணினி வரைகலை தடுமாறி உருவம் சிதையும். அழகான முப்பரிமாணக் காட்சிக்குப் பின்னால் இருப்பது எண்களே என்பதை இவை வெளிச்சமாக்கின.

நிலமும் செலவும்

செகண்ட் லைஃபில் ஒரு முழு நிலப்பகுதி 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்டது. தனித்தீவாக இதைப் பெற 2006 இறுதியிலிருந்து பல ஆண்டுகள் மாதம் 295 அமெரிக்க டாலர் கட்டவேண்டியிருந்தது. கல்வி நிறுவனங்களுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் இருந்த பாதி விலைச் சலுகையை விலக்கிக்கொள்வதாக லிண்டன் லேப் 2010 அக்டோபரில் அறிவித்தது. அதனால் பல பல்கலைக்கழகங்கள் வெளியேறின. அவற்றின் நிலத்தில் இருந்த காட்சிக்கூடங்களும் மூடப்பட்டன.

அதே 2010 இல் 'லிண்டன் கலை அறக்கட்டளை' என்ற அமைப்பு உருவானது. நிறுவனம் 20க்கும் மேற்பட்ட நிலப்பகுதிகளை இலவசமாக ஒதுக்க, பயனர்கள் குழுவாக அவற்றை நிர்வகித்தனர். கலைஞர்கள் விண்ணப்பித்து, சில மாதங்களுக்கு ஒரு முழு நிலப்பகுதியைப் பயன்படுத்தலாம். காலம் முடிந்ததும் படைப்பை அகற்றி, அடுத்தவருக்கு வெறும் நிலமாக ஒப்படைக்கவேண்டும். இவ்வமைப்பு 2019 இல் முடிவுக்கு வந்தது.

உரிமைச் சிக்கல்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் அதை உருவாக்கியவர் மூன்று அனுமதிகளை வைக்கலாம்: படியெடுத்தல், மாற்றியமைத்தல், பிறருக்குக் கைமாற்றுதல். படியெடுக்கத் தடையுள்ள சிற்பத்தை வாங்கியவர் ஒன்றை மட்டுமே வைத்திருக்க முடியும். எல்லையின்றிப் பெருகக்கூடிய எண்மப் பொருளுக்கு இதனால் சந்தை மதிப்பு உண்டானது.

2006 நவம்பரில் 'காப்பிபாட்' என்ற நிரல் இந்த ஏற்பாட்டை அசைத்தது. அது பிறர் பொருள்களை அனுமதியின்றி நகலெடுத்தது. கடைக்காரர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்துக் கடைகளை மூடினர். அந்நிரலைப் பயன்படுத்துவது விதிமீறல் என நிறுவனம் அறிவித்தது. எனினும் திரையில் தெரியும் எதையும் முழுமையாகக் காக்கமுடியாது என்ற உண்மை அனைவருக்கும் புரிந்தது.

2013 இல் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பயனர் படைப்புகளைப் பயன்படுத்த நிறுவனத்திற்கு மிக விரிந்த உரிமை அளிக்கும் வகையில் சேவை விதிகள் மாற்றப்பட்டன. உரிமை கலைஞரிடமே இருக்கும் என்றாலும், அதே படைப்பை நிறுவனமும் ஏறத்தாழ விரும்பியவாறு கையாளலாம் என்றே அவ்விதியைப் பலர் புரிந்துகொண்டனர். கலைஞர்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். தங்கள் படங்களைச் செகண்ட் லைஃபில் பயன்படுத்தக்கூடாது எனச் சில மேற்பரப்புப் பட வழங்குநர்களும் அறிவித்தனர். 2014 இல் அவ்விதி ஓரளவு மட்டுப்படுத்தப்பட்டது.

அழிவும் பாதுகாப்பும்

ஓர் ஓவியத்தை வாங்கியவர் அதைத் தம் வீட்டில் மாட்டிவைக்கலாம். ஆர்எம்பி சிட்டி போன்ற படைப்பை அவ்வாறு எடுத்துச்செல்ல வழியில்லை. அது நிலத்தோடும், வழங்கியோடும், வந்துபோகும் மனிதரோடும் பிணைந்தது. இன்று அதை அறிய எஞ்சியிருப்பவை படங்களும் காணொளிகளும் எழுத்துகளுமே.

இச்சிக்கலை ஆராய, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஆதரவில் இல்லினாய், ஸ்டான்ஃபோர்ட், மேரிலாந்து முதலிய பல்கலைக்கழகங்கள் 2008 முதல் 2010 வரை 'மெய்நிகர் உலகங்களைப் பாதுகாத்தல்' என்ற திட்டத்தை நடத்தின. செகண்ட் லைஃபைப் பொறுத்தவரை தொழில்நுட்பத்தைப் போலவே உரிமையும் தடையாக இருப்பது தெரியவந்தது. ஒரே தீவில் உள்ள மரம் ஒருவருடையது, சுவர்ப்படம் மற்றொருவருடையது, கதவின் நிரல் இன்னொருவருடையது. அனைவரிடமும் இசைவு பெற்றால்தான் தீவை முழுமையாக ஆவணமாக்க முடியும். அவர்களுள் பலர் புனைபெயரில் வந்துபோனவர்கள் என்பதால் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. கலைஞருக்குப் பாதுகாப்பாக அமைந்த அதே அனுமதி முறை, படைப்பு நிலைத்திருக்கத் தடையாகவும் மாறியது.

மறுதலையாக, மெய்நிகர் உலகமே ஆவணக்காப்பகமாகப் பயன்பட்டதும் உண்டு. லின் ஹெர்ஷ்மன் லீசன் 1973 இல் சான் பிரான்சிஸ்கோவின் டான்டே விடுதி அறையொன்றில் அமைத்த கலைப்படைப்பு நெடுங்காலத்திற்கு முன்பே மறைந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த அவரது ஆவணங்களைக் கொண்டு, அவ்விடுதி செகண்ட் லைஃபில் மீண்டும் கட்டப்பட்டது.

ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதற்கு மாற்றாக, 2007 இல் 'ஓப்பன்சிமுலேட்டர்' என்ற கட்டற்ற மென்பொருள் உருவாகத் தொடங்கியது. இதை யார் வேண்டுமானாலும் தம் சொந்தக் கணினியில் நிறுவி, செகண்ட் லைஃபைப் போன்ற உலகத்தை நடத்தலாம். தாமே முழுமையாக உருவாக்கிய பொருள்களை அங்கு நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்வையாளர் கூட்டத்தை நகலெடுக்க வழியில்லை என்பதால் பலர் இரண்டு இடங்களிலும் கால்வைத்தனர்.

பின்வந்த உலகங்கள்

2019 பிப்ரவரியில் மார்ஷ்மெல்லோவும், 2020 ஏப்ரலில் டிராவிஸ் ஸ்காட்டும் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்குள் நடத்திய இசைநிகழ்ச்சிகள் பெரும் கூட்டத்தை ஈர்த்தன. டிராவிஸ் ஸ்காட்டின் முதல் காட்சியில் மட்டும் ஒரே நேரத்தில் 1.23 கோடிப் பேர் இருந்ததாக அதன் நிறுவனமான எபிக் கேம்ஸ் அறிவித்தது. செகண்ட் லைஃப் கச்சேரிகளோடு ஒப்பிட்டால் இதன் தன்மை வேறு. முன்பே ஆயத்தம் செய்த காட்சி ஒரே நேரத்தில் பல பிரதிகளாக ஓடியது. கலைஞர் அங்கு யாருடைய பெயரையும் படித்து வரவேற்கவில்லை. வந்தவர்கள் மேடையைக் கட்டியவர்களும் அல்லர்.

செகண்ட் லைஃபின் இயல்புக்கு நெருங்கியவை வேறு சில. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் 2018 முதல் 'ஓப்பன் பிட்' குழுவினர் நடத்திய இசைவிழாக்களில், அரங்கங்களைக் கட்டியவர்கள் ஆர்வலர்களே. 'விஆர்சாட்' உலகிலும் பயனர்கள் தாமே இசைக்கூடங்களைக் கட்டி நடத்துகின்றனர். பிரெஞ்சு இசைக்கலைஞர் ஜான் மிஷெல் ஜார் 2020 டிசம்பர் 31 இரவு, மெய்நிகர் வடிவில் அமைந்த பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்திற்குள் நடத்திய கச்சேரி விஆர்சாட் வழியாகவும் காட்டப்பட்டது.

இன்றைய நிலை

செகண்ட் லைஃப் 2023 இல் 20 ஆண்டுகளை நிறைவுசெய்தது. ஊடகங்களின் கவனம் குறைந்துவிட்ட போதிலும் நேரலைக் கச்சேரிகளும் ஓவியக் காட்சிகளும் அங்குத் தொடர்கின்றன. இத்துறையில் நெடுங்காலம் இயங்குவோர் சில நடைமுறைகளைப் பின்பற்றுகின்றனர். படைப்பின் மூலக் கோப்புகளைத் தம் கணினியில் வைத்துக்கொள்வது, கட்டடத்தை அகற்றுமுன் காணொளியாகப் பதிவது, கூட்டுப் படைப்பாயின் பங்காளிகளின் இசைவை எழுத்தில் பெறுவது ஆகியன அவற்றுள் முக்கியமானவை. புதிய மெய்நிகர் உலகம் ஒன்றில் நுழையும் கலைஞர் கேட்டறியவேண்டிய கேள்விகளும் இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கின்றன: உருவாக்கும் கருவி யார் கையில் உள்ளது, படைப்பின் உரிமை யாருக்கு, அந்நிறுவனம் மூடப்பட்டால் படைப்பை வெளியே எடுத்துச்செல்ல வழி உண்டா என்பவையே அவை.